அழகு நிலையம்

கோரிப்பாளையம் தர்காவுக்கு இரண்டு சந்து தள்ளி
டயர் கடை மாடியில் என் கடை.
பலகையில் 'ஜன்னத் அழகு நிலையம், பெண்களுக்கு மட்டும்.'
போன ஐப்பசி மழையில் 'அழகு' கரைந்துபோய்
வெறும் நிலையம்.
மாட்டுத்தாவணி பஸ் எப்போ வரும்க்கா, என்பான் டயர் கடைப் பையன்.
மைமூன் டீச்சர்தான் சொன்னார்:
"மாத்தாதே. அந்தப் பாதையில் ஒவ்வொரு படிக்கும்
நிலை என்றுதான் பெயர்."

மாதம் ஒரு வியாழக்கிழமை, அஸருக்குப் பிறகு வருவார்.
ஞானியர் பாடல்களைத் தொகுக்கிறார்.
பாட்டு முடிந்து, கடைசியில் அருஞ்சொற்பொருள்.
தோலை இழுத்துப் பிடிக்க ஒரு கை, தாளுக்கு ஒரு கை,
மூடாத ஒற்றைக் கண்ணால் பிழை பார்ப்பார், உரக்க:

கூந்தல் = படைப்பின் இருள், முகத்தை மறைப்பது.
முகம் = மறைந்திருப்பது.
மச்சம் = ஒருமை, எல்லாம் ஒடுங்கும் புள்ளி.
புருவம் = மிஹ்ராபின் வளைவு, தொழும் திசை.

அவர் மடியிலும் நூல்.
என் வாயிலும் நூல்.
பேச முடியாத தொழில் இது,
பேசினால் தளரும், தளர்ந்தால் தோல் கிழியும்.
சொல்ல நினைத்ததெல்லாம்
எச்சிலோடு நூலில் இறங்கும்.

டீச்சர், இந்தச் சமக்குறியை யார் போட்டது?
பதினேழு வருஷமாய்ப் புருவம் பார்க்கிறேன்,
இடதும் வலதும் சமமான ஒரு முகம் இல்லை.
ஒன்று கொஞ்சம் ஏறித்தான் நிற்கும், கேள்வி மாதிரி.
மற்றது, பதில் தெரிந்தும் சொல்லாத மாதிரி.
மச்சத்தை எடுக்க வருகிறார்கள் என்னிடம்.
ஒருமையை எடுத்துவிடு, புதன்கிழமை நிக்காஹ், என்கிறார்கள்.
கூந்தல் இருள்தான், ஒப்புக்கொள்கிறேன்,
அந்த இருளைத் தினமும் நான்தான் கூட்டி அள்ளுகிறேன்.

நூல் மாற்றும் இடைவெளியில் ஒருமுறை கேட்டேன்,
ஏன் இப்படிச் சுற்றிவளைத்துப் பாடினார்கள் என்று.
"நேராகச் சொல்ல வெட்கம்" என்றார்.
அப்புறம், "இல்லை, நேராகச் சொன்னால் பொய்யாகிவிடும்."
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று வலது முடிந்து, இடதில் பாதி.
கரண்ட் போனது.
முதலில் கண்ணாடி போனது,
அதிலிருந்த இரண்டு பெண்களும் கூடவே.
பெண்களுக்கு மட்டும் என்பதால் ஜன்னலுக்குக் கறுப்புத் தாள்;
பவுடர் வாசம் இல்லாவிட்டால்
எங்கே நிற்கிறேன் என்பதே தெரிந்திருக்காது.
நிறுத்தட்டுமா என்று கேட்க வாய் இல்லை.
"நிறுத்தாதே" என்றார், கேட்காததற்கு.

இருட்டில் முகத்துக்கு வயசில்லை.
சூடு இருந்தது. சூட்டுக்குக் கீழே எலும்பின் மேடு,
வைகை மணலில் தண்ணீர் போன தடம்
தண்ணீர் இல்லாதபோதும் கிடக்குமே, அப்படி.
விரல் அதன் வழியே போனது.
நூல் விரலுக்குப் பின்னால் போனது.
யார் கை, யார் நெற்றி,
இழுப்பது யார்
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

தர்கா பக்கம் ஜெனரேட்டர் எழுந்தது, அதற்கு மேலே பாங்கு.
அவர் கண்ணீர் வழிந்து என் மணிக்கட்டில் சுட்டது.
எல்லோருக்கும் வரும்.
புருவத்து முடிக்கும் கண்ணுக்கும் ஏதோ நரம்பு,
அழுகை இல்லை இது, என்று எல்லோரிடமும் சொல்வேன்.
அன்று சொல்லவில்லை.

வெளிச்சம் வந்தது.
வெளிச்சத்தில் செய்த வலது சரியாகத்தான் இருந்தது.
இருட்டில் செய்த இடதை
டீச்சர் வெகுநேரம் பார்த்தார்,
அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டவர் போல.
ஐம்பது ரூபாய் கொடுத்தார். மீதிப் பத்தை மறந்து
படி இறங்கிவிட்டார்.

கடைசித் தாள் நாற்காலியிலேயே கிடந்தது.
புருவம், சமக்குறி,
அதற்கு அடுத்திருந்ததைப் பேனாவால் அடித்திருந்தார்.
எப்போது அடித்தார், கரண்ட் போவதற்கு முன்பா, தெரியாது.
அந்த இடத்தில் அவர் முடி ஒன்று விழுந்திருந்தது,
லேசாய் வளைந்து.

ஊதப் போனேன்.
ஊதவில்லை.
சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகிற தாள்,
கோக்கிற பையன் எப்படி வாசிக்கிறானோ
வாசிக்கட்டும்.